பயண வழிகாட்டி நூலை எடை போடுவது எப்படி?

அரிசி மூட்டை வாங்கும்போது சாக்கின் மேல் அச்சிட்ட பெயரை மட்டும் பார்த்து நாம் விலை பேசுவதில்லை. குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் நாலு மணியைக் கொட்டி, நிறம் பார்த்து, பல்லில் கடித்து, ஈரம் இருக்கிறதா என்று அறிந்த பிறகே வாயைத் திறக்கிறோம். அதே நாம், வெளிநாட்டுப் பயணத்துக்கென ஒரு வழிகாட்டி நூல் வாங்கும்போது அட்டைப் படத்தையும் பக்கங்களின் கனத்தையும் பார்த்து வாங்கி வந்துவிடுகிறோம்.

நூலின் விலை போனால் போகட்டும். அதை நம்பிப் போன இடத்தில் ஒரு நாள் வீணானால், விமானச் செலவு, விடுதி வாடகை ஆகியவற்றோடு, கடையைப் பிறர் பொறுப்பில் விட்டு வந்த அந்த நாளின் வியாபாரமும் சேர்ந்து போகிறது. விசா விஷயத்திலோ சுங்க விஷயத்திலோ தவறு நேர்ந்தால் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை.

நமது வணிகர்கள் பலர் முதன்முதலாகப் போகும் வெளிநாடு சிங்கப்பூரும் மலேசியாவும்தான். எனவே அந்த இரண்டு நாடுகளையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, ஒரு வழிகாட்டி நூல் நமக்கு எந்த அளவு பயன்படும் என்று கண்டறிய ஐந்து சோதனைகளை இக்கட்டுரையில் பார்ப்போம். துபாய்க்கும் சீனாவுக்கும் போகிறவர்களுக்கும் இதே சோதனைகள் பொருந்தும்.

வழிகாட்டி நூல் வந்த வழி

பயணக் கட்டுரை வேறு, வழிகாட்டி நூல் வேறு. பர்மாவில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராக இருந்த ஏ.கே. செட்டியார் எழுதிய 'உலகம் சுற்றும் தமிழன்' போன்ற நூல்கள் பயணக் கட்டுரைகள். ஒருவர் கண்டதையும் கேட்டதையும் சொல்பவை. படிக்க இனிமையானவை, ஆனால் எந்த ரயில் எந்த நிலையத்தில் புறப்படும் என்று பார்ப்பதற்காக அவற்றை யாரும் எடுப்பதில்லை. வழிகாட்டி நூலோ, முன்பின் தெரியாத ஊரில் இறங்கும் ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதற்காக எழுதப்படுவது.

இன்று நாம் காணும் வடிவில் இத்தகைய நூல்கள் ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் தோன்றின. லண்டனில் ஜான் மர்ரே என்ற பதிப்பாளர் 1836-இல் ஐரோப்பியப் பயணிகளுக்கான கைநூலை வெளியிட்டார். ஜெர்மனியில் கோப்ளென்ஸ் நகரில் 1827-இல் பதிப்பகம் தொடங்கிய கார்ல் பேடெக்கர் அதே துறையில் பெரும்பெயர் பெற்றார். முக்கியமான இடங்களுக்கு நட்சத்திரக் குறி போடும் வழக்கத்தைப் பரப்பியவரும் அவரே.

பேடெக்கரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். மிலான் நகரத் தேவாலயத்தின் மேல்தளத்துக்கு ஏறும்போது, இருபது படிகளுக்கு ஒரு பட்டாணி வீதம் ஒரு பையிலிருந்து எடுத்து மற்றொரு பைக்கு மாற்றிக்கொண்டே போனாராம். உச்சியில் பட்டாணியை எண்ணினால் படிக்கணக்கு வந்துவிடும். இறங்கும்போது மறுபடியும் அவ்வாறே செய்து கணக்கைச் சரிபார்த்தாராம். பட்டாணி விற்கும் நமக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். நேரில் போய், எண்ணிப் பார்த்து, இன்னொரு முறை சரிபார்த்து எழுதிய நூல்தான் வழிகாட்டி நூல். மற்றவை வெறும் வருணனை.

பிற்காலத்தில், 1973-இல், டோனி வீலர், மொரீன் வீலர் என்ற தம்பதியர் ஆசியாவைக் குறைந்த செலவில் கடந்து போவது பற்றி ஒரு சிறு நூல் போட்டு, லோன்லி பிளானட் நிறுவனத்தைத் தொடங்கினர். தென்கிழக்கு ஆசியா பற்றிய அவர்களுடைய புகழ்பெற்ற அடுத்த நூல், 1975-இல் சிங்கப்பூரில் ஒரு சிறிய சீன விடுதியில் தங்கித் தொகுக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் ஒரு குறிப்பு இருக்கிறது. மர்ரே வசதியுள்ள ஆங்கிலேயருக்காக நூல் போட்டார். வீலர் தம்பதியர் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றும் இளைஞருக்காக எழுதினர். ஒவ்வொரு நூலும் ஒரு வாடிக்கையாளரை மனத்தில் வைத்தே பிறக்கிறது. ஒரு வார விடுப்பில், மனைவி மக்களோடு, கொஞ்சம் கொள்முதல் விசாரணையும் மனத்தில் வைத்துக்கொண்டு போகும் நமது மளிகை வணிகரை நினைத்து எழுதிய நூல் மிகக் குறைவு. ஆகவே சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

முதல் சோதனை: தேதி

பாக்கெட்டின் பின்புறத்தில் தயாரிப்பு நாள் தேடுவதுபோல, நூலின் முதல் சில பக்கங்களில் பதிப்பு விவரத்தைத் தேடுங்கள். அதில் 'மறு அச்சு' என்று இருந்தால், பழைய சரக்கையே புதிய பையில் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். 'திருத்திய பதிப்பு' என்றோ, பதிப்பு எண் மாறியோ இருந்தால்தான் உள்ளே புதுச் செய்தி இருக்க வாய்ப்பு உண்டு. அப்போதும், செய்தி திரட்டிய நாளுக்கும் புத்தகம் கடைக்கு வரும் நாளுக்கும் இடையே பல மாதங்கள் ஓடிவிடுகின்றன என்பதை மறக்கக் கூடாது.

பழைய செய்தி எவ்வாறு பணத்தைத் தின்னும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள்:

சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 1994-இல் 3 விழுக்காடாகத் தொடங்கியது. 2007 முதல் 7 விழுக்காடாக இருந்தது. 2023 ஜனவரியில் 8 ஆகவும், 2024 ஜனவரியில் 9 ஆகவும் உயர்ந்தது. '7 விழுக்காடு' என்று அச்சிட்ட நூல் கையில் இருந்தால், அது 2023-க்கு முந்திய சரக்கு என்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துகொள்ளலாம்.

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்கு ரயில் ஏறப் பல்லாண்டுக் காலம் தஞ்சோங் பகார் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். 2011 ஜூன் 30-உடன் அங்கே ரயில் போக்குவரத்து முடிந்துவிட்டது. இன்று ஒரு பழைய நூலை நம்பி அங்கே போகிறவர், பூட்டிய கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

சிராங்கூன் சாலைப் பகுதிக்கு, அதாவது நம்மவர் சொல்லும் 'தேக்கா'வுக்கு, லிட்டில் இந்தியா என்ற பெயரிலேயே ரயில் நிலையம் 2003 ஜூனில் திறக்கப்பட்டது. 2015 டிசம்பரில் இரண்டாவது ரயில் தடமும் அங்கே வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய நூல்கள் வேறு நிலையத்தில் இறங்கி நடக்கச் சொல்லும்.

பல ஆண்டுகள் இரவு பகலாகத் திறந்திருந்த முஸ்தபா சென்டர், 2020-இல் வந்த கொரோனாவுக்குப் பின் நேரத்தைக் குறைத்துக்கொண்டது. பொதுவாகவே 2020-க்கு முன் செய்தி திரட்டிய நூல்களில் கடைகள், உணவகங்கள், விடுதிகள் பற்றிய பகுதியை ஒன்றுக்கு இருமுறை விசாரித்த பிறகே நம்ப வேண்டும்.

இரண்டாம் சோதனை: யாருக்காக எழுதியது?

இதுவே ஐந்தில் மிக முக்கியமான சோதனை. நூல் புத்தம் புதியதாக இருக்கலாம். எழுதியவர் நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் லண்டன்காரருக்காகவோ ஆஸ்திரேலியருக்காகவோ எழுதியிருந்தால், நமக்கு வேண்டிய பாதிச் செய்தி அதில் இருக்காது.

முதலில் விசா பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'பெரும்பாலான பயணிகளுக்குச் சிங்கப்பூர் வர விசா தேவையில்லை' என்று எழுதியிருக்கும். அந்தப் 'பெரும்பாலான பயணி' நாம் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்போர் சுற்றுலாவாகச் சிங்கப்பூர் போக முன்கூட்டியே விசா வாங்க வேண்டும். மலேசியாவிலோ, 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு 30 நாள் வரை விசா விலக்கு அளித்து, பிறகு அதை 2026 இறுதி வரை நீட்டித்தார்கள். ஆக, அதற்கு முன் அச்சான நூல் விசா வேண்டும் என்று சொல்லும். ஆங்கிலேயருக்காக எழுதிய நூல் நம்மைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. மலேசியாவுக்கு 2024 ஜனவரி முதல் இணைய வழி வருகை அட்டையும் நிரப்ப வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உணவு. சைவ உணவு பற்றி நூல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 'காய்கறி உணவு கிடைக்கும்' என்று ஒரு வரியில் முடித்திருந்தால் போதாது. மலாய் உணவில் சம்பல் என்னும் துவையலில் பெரும்பாலும் பெலாச்சான் என்ற இறால் விழுது சேரும். சீன உணவகத்தில் கீரைப் பொரியலில்கூடச் சிப்பிச் சாறு ஊற்றுவதுண்டு. புத்த சமயத்தார் நடத்தும் சைவ உணவகங்களில் இறைச்சி, மீனோடு வெங்காயம், பூண்டும் தவிர்ப்பார்கள். இவ்வளவையும் பிரித்துச் சொல்லும் நூல் நம்மை நினைத்து எழுதிய நூல்.

மூன்றாவது, பெட்டியில் என்ன வைக்கக் கூடாது என்பது. நாம் அன்றாடம் பொட்டலம் கட்டி விற்கும் கசகசா, சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். அங்கே அது போதைப்பொருள் தடுப்புத் துறையின் கண்காணிப்பில் வருவது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதி அரேபியாவிலும் அதற்குத் தடை உண்டு. மகள் வீட்டுக்கென்று கசகசா சேர்த்து அரைத்த குருமாப் பொடியை நல்ல எண்ணத்தோடு பெட்டியில் வைத்தாலும் சட்டம் எண்ணத்தைக் கேட்காது. வாயில் போட்டு மெல்லும் புகையிலையும் சிங்கப்பூருக்குள் கொண்டு போகக் கூடாது. சிகரெட்டுக்கு அங்கே வரி விலக்கு கிடையாது. ஒரு பாக்கெட்டுக்கும் தீர்வை செலுத்த வேண்டும். மேல்நாட்டார் எழுதிய நூல்களில், 1992 முதல் சூயிங்கத்துக்கு உள்ள தடையைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும். கசகசாவைப் பற்றி ஒரு வரியும் இராது. அவர்கள் பெட்டியில் அது இல்லை, அவ்வளவுதான்.

நான்காவது, வணிகருக்கு வேண்டிய செய்தி. சிங்கப்பூரில் சுற்றுலாப் பயணிகள் ஒரு கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் பொருள் வாங்கினால், விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறலாம் என்று எல்லா நூல்களும் சொல்லும். ஆனால் விற்பனைக்காக வாங்கும் சரக்குக்கு அந்தச் சலுகை இல்லை என்பதையும், சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் வழியாகத் தரைவழியே வெளியேறுகிறவருக்கு அது கிடைக்காது என்பதையும் நூல் சொல்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் வாங்கிவிட்டுப் பேருந்தில் கோலாலம்பூர் போய், அங்கிருந்து விமானம் ஏறத் திட்டமிடுகிறவருக்கு இந்த ஒரு வரி, நூலின் விலையைவிடப் பல மடங்கு பெறும்.

மூன்றாம் சோதனை: பணம் யாருடையது?

இலவசமாகக் கிடைக்கும் கையேட்டைக் கண்டால் வணிகர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அச்சுக் கூலி யார் கொடுத்தார்?

பிரான்சில் மிஷெலின் என்ற டயர் நிறுவனம் 1900-இல் 35,000 பிரதிகள் அச்சிட்டு, கார் வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி நூலை இலவசமாகக் கொடுத்தது. மக்கள் காரில் அதிகம் ஊர் சுற்றினால் டயர் அதிகம் தேயும். தேய்ந்தால் புதிய டயர் விற்கும். கணக்கு மிகவும் நேர்மையானது! 1920 முதல் அந்த நிறுவனம் நூலுக்கு விலை வைத்தது. பிறகு உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் வழக்கம் வந்தது. தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாத ஆய்வாளர்கள், தங்கள் சாப்பாட்டுக்குத் தாங்களே பணம் கொடுத்துத் தீர்ப்புச் சொல்வார்கள் என்பதுதான் அதன் மதிப்புக்கு அடிப்படை. அந்த நூல் 2016-இல் சிங்கப்பூருக்கு வந்தபோது, பெரிய ஓட்டல்களோடு, சாலையோர உணவுக் கடைக்காரர் இருவருக்கும் நட்சத்திரம் கிடைத்தது உலகெங்கும் செய்தியானது.

சுற்றுலாத் துறை தரும் கையேடு, விமான நிலையத்தில் அடுக்கி வைத்திருக்கும் வண்ணப் பிரசுரம், விடுதி அறையில் கிடக்கும் பத்திரிகை ஆகியவற்றை வேண்டாம் என்று தள்ளத் தேவையில்லை. அவற்றில் உள்ள வரைபடமும் திருவிழா நாட்களும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் 'இங்கே வாங்குங்கள், அங்கே சாப்பிடுங்கள்' என்ற பகுதி விளம்பரம். நாம் நமது கடை வாசலில் பலகை வைப்பது போலத்தான் அது. அதில் குற்றம் இல்லை. அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் குற்றம்.

விலை கொடுத்து வாங்கும் நூலிலும் ஒன்றைக் கவனியுங்கள். எல்லா விடுதியும் 'அருமை', எல்லா உணவும் 'சுவை' என்று இருந்தால் அது நூலன்று. 'அறை சிறியது, சாலைச் சத்தம் கேட்கும், ஆனால் நிலையத்துக்கு அருகில் உள்ளது' என்று குறையும் நிறையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் எழுதியவர் அங்கே போயிருக்கிறார் என்று நம்பலாம்.

நான்காம் சோதனை: தெரிந்த கல்லால் எடை போடுதல்

முத்திரை போட்ட எடைக்கல்லை வைத்துத்தான் தராசைச் சோதிக்கிறோம். அதுபோல, நமக்கு நன்றாகத் தெரிந்த ஊரை வைத்து நூலைச் சோதிக்கலாம். சிங்கப்பூர் நூல் வெளியிடும் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் இந்தியாவுக்கும் ஒரு நூல் போட்டிருக்கும். புத்தகக் கடையில் நின்றபடியே அதை எடுத்துச் சென்னை, மதுரைப் பக்கங்களைப் புரட்டுங்கள்.

தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டில் புறப்படும் என்று எழுதியிருக்கிறதா? கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் நடை பகலில் சாத்தப்படும் என்று சொல்லியிருக்கிறதா? கோயிலுக்குள் செல்போன் கொண்டு போக 2018 முதல் தடை இருப்பதைக் குறித்திருக்கிறதா? 2,000 ரூபாய் நோட்டு 2023 மே மாதம் திரும்பப் பெறப்பட்டதாவது தெரியுமா?

இப்படி ஐந்து கேள்விகள் கேட்டு, நான்குக்கு மேல் சரியாக இருந்தால், அந்தப் பதிப்பகத்தார் சரிபார்ப்பில் அக்கறை உள்ளவர்கள். இரண்டுக்குக் கீழே இருந்தால், நமது ஊரில் கோட்டை விட்டவர் அந்நிய ஊரில் மட்டும் கவனமாக இருந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு நாட்டு நூலையும் வெவ்வேறு ஆட்கள் எழுதுகிறார்கள் என்பது உண்மைதான். எனினும் சரிபார்க்கும் முறையும் பதிப்பிக்கும் ஆண்டு இடைவெளியும் ஒரே நிறுவனத்துடையவை.

இந்திய நூல் கையில் கிடைக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு. நாம் போகும் ஊரில் உள்ள உறவினருக்கோ, அண்மையில் போய் வந்த சக வணிகருக்கோ போன் போட்டு, நூலில் உள்ள ஐந்து செய்திகளைக் கேட்டுச் சரிபாருங்கள். 'நூல் எப்படி?' என்று பொதுவாகக் கேட்டால் 'நல்ல நூல்' என்றுதான் பதில் வரும். 'இந்த நிலையத்திலிருந்து அந்தச் சந்தைக்கு எத்தனை நிமிட நடை?' என்று கேளுங்கள்.

ஐந்தாம் சோதனை: தேடினால் கிடைக்கிறதா?

சரக்கு இருந்தும் எடுக்க முடியாத கிடங்கால் என்ன பயன்? நூலை மூடிவிட்டு, மூன்று கேள்விகளை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை எங்கே? விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர மலிவான வழி எது? ஞாயிற்றுக்கிழமை சந்தை உண்டா? ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்தில் பதில் கண்டுபிடிக்க முடிந்தால், நூலின் அமைப்பு நல்ல அமைப்பு.

வரைபடத்தில் அளவுகோல் போட்டிருக்கிறதா, வடக்குத் திசை காட்டியிருக்கிறதா, ரயில் நிலையப் பெயர்கள் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்பக்கத்தில் அகர வரிசைப் பெயரடைவு இல்லாத நூலை வாங்கவே வேண்டாம். கடைசியாக, கையில் எடுத்து எடை பாருங்கள். வெயிலில் நாள் முழுவதும் சுமக்கப் போவது நாம்.

பருப்பும் கீரையும்

ஐந்து சோதனையிலும் தேறிய நூலிலும் எல்லாச் செய்தியும் ஒரே அளவு தாங்காது. நமது கடையில் துவரம் பருப்பும் இருக்கிறது, கீரைக் கட்டும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மாதிரி வைப்போமா?

நாள்படத் தாங்கும் செய்திகள்: ஊரின் அமைப்பு, பருவ மழை, மக்களின் பழக்க வழக்கம், மின் இணைப்பின் வடிவம், நேர வித்தியாசம் போன்றவை. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. அங்கும் மலேசியாவிலும் சுவரில் உள்ள மின்துளை தட்டையான மூன்று முனை கொண்டது. நமது செருகிக்கு இணைப்பான் வேண்டும். மலேசியாவின் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். இவற்றைப் பழைய நூலிலிருந்தும் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

சீக்கிரம் வாடும் செய்திகள்: விலை, வாடகை, கட்டணம், கடை நேரம், விசா, சுங்க விதி, பணமாற்று வீதம். இவற்றை நூலில் படித்தாலும், புறப்படுவதற்கு முந்திய வாரம் அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறை, சுங்கத் துறை ஆகியவற்றின் அதிகாரப்பூர்வ அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழி என்பதால் பல அறிவிப்புகள் தமிழிலேயே கிடைக்கின்றன. சிங்கப்பூர் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் அரசு இணையதளத்தில் கட்டணமின்றி நிரப்பலாம். இதற்குப் பணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம்.

இடையில் ஒரு வகை உண்டு. பருப்பு போலத் தோன்றும்; ஆனால் வண்டு விழும். வார விடுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். மாறாத வழக்கம் என்றுதான் நினைப்போம். ஆனால் ஐக்கிய அரபு அமீரகம் 2006-இல் வியாழன், வெள்ளி என்பதிலிருந்து வெள்ளி, சனிக்கு மாறியது. 2022 ஜனவரியில் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு என்று மறுபடியும் மாற்றியது. மலேசியாவின் ஜொகூர் மாநிலம் 2014-இல் வெள்ளி, சனிக்கு மாறி, 2025 ஜனவரி 1 முதல் திரும்பவும் சனி, ஞாயிறுக்கு வந்துவிட்டது. கிளந்தான், திரங்கானு, கெடா மாநிலங்களில் வெள்ளியும் சனியும் விடுமுறை. வியாபார நிமித்தம் அலுவலகம் தேடிப் போகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால், பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்.

பழைய விலைப்பட்டியலையும் வீசிவிட வேண்டாம். அதைக் கணக்குப் போட்டுப் பயன்படுத்தலாம். நூலில் ஒரு சாப்பாடு 5 வெள்ளி என்றும், ஒரு விடுதி அறை 100 வெள்ளி என்றும் இருப்பதாகக் கொள்வோம். அதே சாப்பாடு இன்று 7 வெள்ளி என்று விசாரித்து அறிந்தால், விலைவாசி ஏறத்தாழ ஒன்றே கால் மடங்குக்கு மேல், ஒன்றரை மடங்குக்குள் ஏறியிருக்கிறது. அறைக்கு 140 வெள்ளி எடுத்து வைக்கலாம். துல்லியம் இருக்காது, ஆனால் செலவுத் திட்டம் போட இது போதும். எந்தப் பகுதி மலிவு, எந்தப் பகுதி விலை கூடியது என்ற ஒப்பீடு, விலைகள் மாறினாலும் பெரும்பாலும் மாறுவதில்லை.

கையில் போன் இருக்கும்போது நூல் எதற்கு?

நியாயமான கேள்வி. வழி கண்டுபிடிக்கவும், கடை திறந்திருக்கிறதா என்று பார்க்கவும் போன்தான் சிறந்தது. கீரை வகைச் செய்திகளுக்கு நூலை நம்ப வேண்டியதே இல்லை. ஆனால் போன், கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாதவருக்கு நூல்தான் கேள்வியையே கற்றுக் கொடுக்கிறது. கசகசாவுக்குத் தடை இருக்கும் என்று தோன்றாதவர், அதைப் போனில் தேடவே மாட்டார்.

போன் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்வதும் இல்லை. சீனாவில் குவாங்சோ நகரில் 1957 முதல் நடக்கும் ஏற்றுமதிப் பொருட்காட்சிக்கு நமது வணிகர்கள் போகிறார்கள். ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கி, மூன்று கட்டங்களாக நடைபெறும். உணவுப் பொருட்கள் மூன்றாம் கட்டத்தில் வரும். நாம் இங்கே அன்றாடம் பயன்படுத்தும் கூகுள் வரைபடமும் வாட்ஸ்அப்பும் அங்கே சாதாரணமாக இயங்குவதில்லை. கடைகளில் பணப் பரிமாற்றமும் பெரும்பாலும் அந்நாட்டுச் செயலிகள் வழியாகவே நடக்கிறது. சீனா பற்றிய நூலை எடுத்தால், இந்த இரண்டையும் முதற்பக்கங்களிலேயே சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் அது பழைய நூல்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. செய்தி திரட்டிய ஆண்டு எது? மறு அச்சா, திருத்திய பதிப்பா?

2. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு விசா விவரம் இருக்கிறதா?

3. சைவ உணவு பற்றி விளக்கமாகச் சொல்கிறதா?

4. கொண்டு போகக் கூடாத பொருட்களின் பட்டியல் இருக்கிறதா?

5. நிறையோடு குறையும் சொல்கிறதா?

6. நமக்குத் தெரிந்த ஊரைப் பற்றிச் சரியாகச் சொல்கிறதா?

7. வரைபடமும் பெயரடைவும் பயன்படும்படி இருக்கின்றனவா?

ஏழில் ஐந்துக்கு 'ஆம்' என்று நிறைவான பதில் கிடைத்தால் வாங்கலாம். மூன்றுக்குக் கீழே என்றால், எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். இரண்டாவது, நான்காவது கேள்விகளுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், நூல் மற்ற வகையில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த இரண்டு செய்திகளையும் வேறு இடத்தில் உறுதியாகத் தெரிந்துகொள்ளாமல் பெட்டியைப் பூட்ட வேண்டாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாடு போய் வந்தவர்கள், தாங்கள் கொண்டுபோன நூலின் ஓரத்தில் 'இது மாறிவிட்டது', 'இது சரி' என்று தேதி போட்டுப் பென்சிலால் குறித்து வையுங்கள். அடுத்துப் போகும் சக வணிகருக்கு அந்த நூலைக் கொடுங்கள். கடையில் கிடைக்கும் எந்தப் புதிய பதிப்பையும்விட, நம்மைப் போன்ற ஒருவர் கைப்படத் திருத்திய அந்தப் பிரதி அதிகம் உதவும்.